கடைசியாக அழைக்கப்படுபவர்

ஓர் ஆலயம் எழும்பும்போது யார் யார் எந்த வரிசையில் அழைக்கப்படுகிறார்கள் என்பதைக் கவனித்தால், அந்தச் சமூகம் எதை முதன்மையாகக் கருதுகிறது என்பது விளங்கிவிடும். முதலில் நிலத்தை அளப்பவர் வருகிறார். அடுத்துப் பொறியாளர் வருகிறார். அவர் போட்டுத் தந்த மதிப்பீட்டை வைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரர் வருகிறார். பின்னர் கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர், மின்பணியாளர், வண்ணம் அடிப்பவர் என்று ஒவ்வொருவராக வந்து போகிறார்கள். அர்ச்சிப்பு விழாவுக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அச்சுக்குப் போன பிறகு, பீடத்தின் பின்சுவர் வெறுமையாக இருப்பது எவர் கண்ணிலாவது படுகிறது. அப்போதுதான் ஓவியர் ஒருவரைத் தேடிப் புறப்படுகிறோம்.

இந்த வரிசை நம் மரபில் வந்ததன்று. தமிழகக் கோயில் மரபில் கட்டடம் வகுத்தவரும் சிலை வடித்தவரும் ஒரே பெயரால், ஸ்தபதி என்றே அழைக்கப்பட்டனர். மாமல்லபுரத்துக் குடைவரைகளில் எது கட்டடம், எது சிற்பம் என்று பிரித்துக் கோடு கிழிக்க எவராலும் இயலாது. திருமுடிவாக்கத்தில் வாழும் எனக்கு இதை நினைவூட்டும் ஊர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசின் அமைச்சராக இருந்த அப்புலவர், அங்கே திருநாகேஸ்வரம் என்னும் கோயிலையும் எழுப்பினார் என்பது மரபு. சொல்லை அடுக்கியவர் கல்லை அடுக்குவோரோடும் நின்றிருக்கிறார்.

விவிலியத்திலும் இதே வரிசையைத்தான் காண்கிறோம். விடுதலைப் பயண நூலின் 31-ஆம் அதிகாரத்தில், சந்திப்புக் கூடாரம் இன்னும் எழுப்பப்படாத நிலையிலேயே, ஆண்டவர் பெட்சலேல் என்னும் கலைஞனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல்லை வெட்டவும், மரத்தைச் செதுக்கவும் வல்லவனாக அவனைத் தம் ஆவியால் நிரப்பியதாக மோசேயிடம் கூறுகிறார். கூடாரம் எழும் முன்பே கலைஞன் அழைக்கப்பட்டுவிட்டான். அது முடிந்தபின் அழகுபடுத்த வந்தவனாக அவன் அங்கே காட்டப்படவில்லை.

இந்தப் பழைய வரிசையை நம் காலத்தில் மீட்க முயன்ற ஒருவரைப் பற்றி எழுதவே எடுத்துக்கொண்டேன். அவர் ஜோதி சாஹி. ஓவியர், சிற்பமும் கண்ணாடி ஓவியமும் அறிந்தவர், இறையியல் எழுதியவர், கட்டடக் கலைஞர்களின் அருகில் நின்று இந்தியத் திருச்சபையின் பல வழிபாட்டு இடங்களுக்கு உருவம் தந்தவர். தூரிகை ஏந்திய இறையியலார் என்று அவரைச் சிறப்பித்துச் சொல்வதுண்டு.

ஜோதி சாஹி 1944-ஆம் ஆண்டு புனேயில் பிறந்தார். தந்தை இந்து, தாய் ஆங்கிலேயப் பெண்மணி. இரண்டு பண்பாடுகளும் ஒரே உணவு மேசையில் சந்தித்த வீடு அது. 1959 முதல் 1963 வரை லண்டன் நகரின் கேம்பர்வெல் கலை, கைவினைப் பள்ளியில் பயின்றார். கலையையும் கைவினையையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்த அப்பள்ளியின் பெயரே அவருடைய பிற்கால வாழ்வுக்குத் தலைப்பாக அமைந்துவிட்டது எனலாம். இளமையிலேயே கத்தோலிக்க நம்பிக்கையைத் தழுவிய அவருக்கு, ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் அவர்களின் நட்பு கிடைத்தது. பிரான்சிஸ் ஆச்சார்யாவோடு சேர்ந்து 1958-ஆம் ஆண்டு கேரளத்தின் வாகமண் மலைப் பகுதியில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கியவர் பீட் கிரிஃபித்ஸ். 1968-ஆம் ஆண்டு அவர் குளித்தலைக்கு அருகிலுள்ள சாந்திவனத்துக்கு வந்து, 1993-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்ததை நம் வாசகர் பலர் அறிவர்.

அதே 1960-களில் கேரளத்தில் ஜோதி சாஹி பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917-ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் பிறந்த பேக்கர், குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்து, இமயமலை அடிவாரத்துப் பித்தோராகட்டில் மருத்துவரான தம் மனைவி எலிசபெத்துடன் நெடுங்காலம் வாழ்ந்து, பின்னர் வாகமண்ணிலும் இறுதியாகத் திருவனந்தபுரத்திலும் குடியேறினார். எளியோருக்கு எட்டும் விலையில் வீடு கட்டுவதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட அவர் 2007-ஆம் ஆண்டு இறந்தார்.

பேக்கரின் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஒரு கலைஞன் கட்டடக் கலைஞரிடம் எதைக் கற்க முடியும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அவர் சுவர் எழுப்பினார். எலிப்பொறிக் கட்டு என்று பெயர். செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். சன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடைச் சுவர் அமைத்தார். மரச்சட்டம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். காற்றும் ஒளியும் தாமே வரும். சுவருக்குச் சாந்து பூசி மறைப்பதையும் அவர் விரும்பவில்லை. செங்கல் செங்கல்லாகவே தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. வரைபடத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், மனையில் நின்று கொத்தனாரோடு பேசிப் பேசியே கட்டினார்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள லயோலா வளாகத்தின் சிற்றாலயமும் கலையரங்கமும் அவர் 1970-71-இல் கட்டியவை. அதன் உயர்ந்த சுவர்கள் முழுவதும் சிறு துளைகள். பகல் முழுவதும் ஒளி அவற்றின் வழியே துண்டு துண்டாக உள்ளே விழுந்து, நேரத்துக்கு ஏற்ப இடம் மாறிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஆயிரம் பேர் அமரத்தக்க அக்கட்டடம் அன்று இரண்டு இலட்ச ரூபாய்க்கும் குறைவான செலவில் முடிந்தது. அங்கே ஓவியம் எங்கே என்று கேட்டால் சுவரையேதான் காட்ட வேண்டும். எடையைத் தாங்கும் செங்கல்லே கோலமாகவும் நிற்கிறது. இத்தகைய ஒருவரோடு இளமையில் பணிபுரிந்த ஓவியன், வெற்றுச் சுவரை நிரப்புவதே தன் தொழில் என்று ஒருபோதும் நினைத்திருக்க முடியாது.

இதே ஆண்டுகளில் திருச்சபையிலும் ஒரு பெருங்கதவு திறந்திருந்தது. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, தனது ஏழாம் அதிகாரத்தைத் திருக்கலைக்கென ஒதுக்கியது. எந்தக் கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்றும், ஆடம்பரத்தைக் காட்டிலும் மாண்புள்ள அழகையே நாட வேண்டும் என்றும் அது எடுத்துரைத்தது. இந்த ஏட்டை இந்திய மண்ணில் செயலாக்க முன்வந்தவர்களுள் முதல்வர் ஒரு தமிழர். கள்ளேரியில் 1932-ஆம் ஆண்டு பிறந்த அருட்தந்தை அமலோற்பவதாஸ், 1967-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தின் முதல் இயக்குநர். 1969-ஆம் ஆண்டு உரோமை ஒப்புதல் அளித்த பன்னிரு தழுவல்களை, அதாவது ஆரத்தி, குத்துவிளக்கு, தரையில் அமர்தல், இரு கை குவித்து வணங்குதல் முதலியவற்றை நாடெங்கும் கொண்டுசென்றவர். 1990-இல் ஒரு சாலை விபத்து அவரைப் பறித்துக்கொண்டது.

வழிபாட்டு முறை மாறினால் வழிபாட்டு இடமும் மாறியே ஆக வேண்டும். தரையில் அமர்ந்து செபிக்கும் மக்களுக்குப் பீடம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? குத்துவிளக்கின் ஒளி துலங்க வேண்டுமானால் கூடத்தில் எவ்வளவு நிழல் தேவை? இவை பொறியாளர் மட்டும் விடை சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல; அருள்பணியாளர் மட்டும் சொல்லக்கூடியவையும் அல்ல. இந்த இடைவெளியில்தான் ஜோதி சாஹியைப் போன்றவர்களுக்குப் பணி இருந்தது. அவர் அந்த மையத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார்.

1970-களிலிருந்து அவரும் அவர் மனைவி ஜேனும் பெங்களூருக்கு வடக்கேயுள்ள சில்வேபுரா என்னும் சிற்றூரில் வாழத் தொடங்கினர். ஜேன் அங்கே கிராமத்துக் குழந்தைகளுக்காக 1975-இல் சீதா பள்ளியைத் தொடங்கினார். ஜோதி சாஹி 1983-இல் கலை ஆசிரமத்தை நிறுவினார். ஜெர்மனியின் மிசெரியோர் அமைப்பு, தவக்காலத்தில் பீடத்தின்முன் தொங்கவிடும் பழைய பசித்துணி வழக்கத்தை 1976-ஆம் ஆண்டு புதுப்பித்தபோது, அதன் முதல் துணியை வரைந்தவர் இவரே. இந்தியச் சிற்றூரில் இருந்தவரின் கோடுகளை முன்னிறுத்தி ஐரோப்பியக் கிறித்தவர்கள் தவக்காலச் செபத்தைச் செய்தார்கள். நம் ஆலயங்களிலோ, ஐரோப்பியச் சிலைகளின் படியெடுப்புகள் அப்போதும் வந்திறங்கிக்கொண்டிருந்தன.

இத்தகைய பணி எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. இந்தியமயம் என்ற பெயரில் ஆலயத்துக்குள் வருவது யாருடைய இந்தியா என்று தலித் கிறித்தவர்கள் கேட்டார்கள். தங்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய கோயிலின் கலசத்தையும் தாமரையையும் வடமொழி மந்திரத்தையும் மீண்டும் பீடத்தருகில் காண அவர்கள் மறுத்ததில் வியப்பில்லை. தமிழ்நாட்டுத் திருச்சபையில் இந்தக் கேள்வி 1980-களிலும் 1990-களிலும் உரக்க ஒலித்தது. ஒரு கலைஞனின் நேர்மையை அவன் இத்தகைய கேள்வியை எவ்வாறு எதிர்கொள்கிறான் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

ஜோதி சாஹி 1980-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் நாட்டார் குறியீடுகளையே ஆராய்ந்தது. பின்னாளில் அவர் தீட்டிய தலித் மடோனா என்னும் ஓவியம், இன்று இங்கிலாந்தின் மெதடிஸ்ட் திருச்சபையினுடைய நவீனக் கலைத் தொகுப்பில் இருக்கிறது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வடிவம் வீட்டு ஆட்டுக்கல். குழிந்த பெரிய கல் தாய். அதன் மடியில் பொருந்தி அமரும் சிறிய கல் சேய். அன்னை மரியாவும் பாலன் இயேசுவும் அவ்வாறே ஒன்றினுள் ஒன்றாக அமைந்திருக்கிறார்கள். இதைப் பற்றி அறிந்தபோது என் மனம் தமிழுக்குத் தாவியது. ஆட்டுக்கல்லின் சிறிய கல்லை நாம் குழவி என்கிறோம். குழவி என்றால் குழந்தை. நம் அன்னையர் நாள்தோறும் மாவரைத்த கல்லுக்குள் இந்த உவமை எத்தனை நூற்றாண்டுகளாக உறங்கிக் கிடந்ததோ! எந்தப் புராணத்தையும் எந்தச் சாதியின் அடையாளத்தையும் துணைக்கு அழைக்காமல், உழைக்கும் பெண்ணின் கைபட்டுத் தேய்ந்த ஒரு பொருளிலிருந்து மீட்பின் மறைபொருளைச் சொல்ல முடியும் என்று அந்த ஓவியம் காட்டுகிறது.

1998-இல் வெளிவந்த அவருடைய மற்றொரு நூலின் பெயர் புனித நிலம் என்று பொருள்படும். எரியும் முட்செடியின்முன் மோசே மிதியடியைக் கழற்றியது கட்டடம் ஏதுமற்ற வெறும் நிலத்தில். ஆகவே, கட்டும் முன் நிலத்தைப் படிக்க வேண்டும். ஜோதி சாஹியின் வாழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுவே.

அவ்வாறாயின் எங்கள் திருமுடிவாக்கத்து நிலம் என்ன சொல்கிறது? இதைக் கேட்க எனக்குச் சிறிது உரிமை உண்டு. இங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயந்திரப் பகுதிகளுக்கு வரைபடம் வரைந்தே பிழைத்தவன் நான். ஒரு திருகாணியாயினும் முதலில் தாளில் பிறந்து, பின்பே லேத் இயந்திரத்துக்குப் போகும். பொருளைச் செய்து முடித்தபின் வரைபடம் கேட்கும் தொழிற்கூடத்தை நான் கண்டதில்லை.

எங்கள் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்று சில ஆண்டுகளுக்குமுன் கட்டி முடிக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் மாதந்தோறும் கொடுத்த சிறு தொகைகளால் எழுந்தது அது. அர்ச்சிப்புக்குப் பதினைந்து நாள் இருக்கையில், கவின் கலைக் கல்லூரியில் பயின்ற ஓர் இளைஞர் அழைக்கப்பட்டார். அவர் வந்தவுடன் தூரிகையை எடுக்கவில்லை. மாலைத் திருப்பலி நேரத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டார். இங்கு வரும் மக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டார். அருகில் நின்ற பொறுப்பாளர் ஒருவர், "தம்பி, அதெல்லாம் எதற்கு? மேகமும் நான்கு வானதூதர்களும் போட்டுவிடுங்கள், போதும்" என்றார். இளைஞர் மறுபேச்சின்றிப் போட்டுக்கொடுத்தார்.

பீடத்தின் பின்சுவர் மேற்குச் சுவர். பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கி, மாலைத் திருப்பலியின்போது உள்ளே உமிழும் சுவர். ஐப்பசி மழையில் அது ஊறியது. இரண்டாம் ஆண்டே வானதூதர்களின் முகம் செதில் செதிலாக உரிந்தது. அதன்மேல் இப்போது பளபளக்கும் ஒட்டுப்பலகை அறையப்பட்டிருக்கிறது. குற்றம் அந்த இளைஞருடையதன்று. பொறியாளருடையதும் அன்று, கேட்ட அளவுக்குக் கேட்டபடி அவர் கட்டிக் கொடுத்தார். அவ்விருவரும் ஒரு நாளேனும் ஒரே மேசையில் அமர்த்தப்படவில்லை என்பதே குறை. அமர்ந்திருந்தால் அந்தச் சுவர் வேறு திசைக்குப் போயிருக்கும், அல்லது நடுவே காற்றோடும் இரட்டைச் சுவராகியிருக்கும், அல்லது மாலை ஒளியைச் சலித்து அனுப்பும் செங்கல் சல்லடையாகவே நின்றிருக்கும். செலவு கூடியிருக்குமா என்று கேட்பீர்கள். பேக்கரின் கணக்கை மேலே சொல்லியிருக்கிறேன்.

அந்த இளைஞரின் கேள்விகளுக்கு அன்று எவரும் விடை சொல்லவில்லை. விடைகள் நம் காலடியிலேயே இருக்கின்றன. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கருநீலப் பாறை உலகப் புவியியல் ஏடுகளில் சார்னோக்கைட் என்று பெயர் பெற்றது. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இவ்வினத்தைச் சேர்ந்ததாதலால் வந்த பெயர் அது. 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதற்சான்று. கல்லைக் கையாண்ட மனிதக் கை இங்கே அவ்வளவு பழைமையானது. கல்லை வெட்டி எடுத்த பள்ளங்களும் அருகிலேயே உள்ளன. சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் தேங்கிய நீரைத்தான் 2017-ஆம் ஆண்டு வறட்சியில் சுத்திகரித்துச் சென்னை மக்களுக்கு வழங்கினார்கள். பாறையிலிருந்து தண்ணீர் பெற்ற மக்களின் கதையை விவிலியத்தில் வாசிக்கும் நமக்கு, இதைவிடப் பொருத்தமான திருமுழுக்குத் தொட்டி எங்கே கிடைக்கும்? ஒரு துண்டு உள்ளூர்ப் பாறையைக் குடைந்து வாசலருகே வைத்தால் போதாதா?

மக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதற்கும் விடை உண்டு. எங்கள் சிற்றாலயத்தில் ஞாயிறுதோறும் முழந்தாளிடுபவர்களில் பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். தகடு வளைப்பவர்கள், அச்சு வார்ப்பவர்கள், மெருகேற்றுபவர்கள் இருக்கிறார்கள். நூலிழையளவு பிசகாமல் இரும்பை அறுக்கத் தெரிந்த கைகள் அவை. அந்த ஆலயத்தின் சன்னல் கம்பிகளோ கடையில் ஆயத்தமாக வாங்கப்பட்டவை. நற்கருணைப் பேழையும் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கியதே. தங்கள் கைத்திறனுக்கு அந்த வீட்டில் இடமில்லை என்பதை அவர்கள் யாரிடமும் முறையிடவில்லை. அப்படி ஓர் இடம் இருக்கக்கூடும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதுமில்லை. கலைஞன் ஒருவன் தொடக்கத்திலேயே வந்திருந்தால், அவனுடைய முதல் பணி ஓவியம் தீட்டுவதாக இருந்திருக்காது. இந்தக் கைகளைக் கண்டுபிடிப்பதாக இருந்திருக்கும்.

கட்டடக் கலைஞருக்கு அருகில் நிற்கும் கலைஞனின் வாழ்க்கை பெரும் புகழுக்கு உரியதன்று. தனியே ஓவியம் விற்பவனின் பெயர் சட்டத்தின் மூலையில் இருக்கும். ஒரு சுவரின் திசையைத் திருத்தியவனின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. நுழைந்தவுடன் மனம் அமைதியடைவது எதனால் என்று வழிபட வந்தவர் அறியார். அரங்குகளில் பெயர் தேடிச் செல்வதைக் காட்டிலும், ஒரு சிற்றூரில் வேரூன்றி, கொத்தனாரோடும் துறவியோடும் குழந்தைகளோடும் உழைத்து ஜோதி சாஹி ஏற்றுக்கொண்ட வாழ்வு இத்தகையது. அதன் பயன் மற்றவர்களின் செபத்தில் கலந்துவிடுகிறது.

எங்கள் பகுதியில் குடியிருப்புகள் பெருகி வருவதால், வெளிவட்டச் சாலைப் பக்கம் இன்னொரு கிளைப்பங்குக்கு நிலம் பார்த்திருக்கிறார்கள். எத்தனை சதுர அடி, எத்தனை தூண், கோபுரம் எவ்வளவு உயரம் என்ற பேச்சு தொடங்கியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நான் ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கப்போகிறேன். பொறியாளர் முதன்முறை நிலத்தைப் பார்க்க வரும் நாளிலேயே ஓர் ஓவியரும், பங்கின் பற்றவைப்பவர் ஒருவரும், கொத்தனார் ஒருவரும் உடன் வர வேண்டும். காலையில் ஒருமுறை, மாலைத் திருப்பலி வேளையில் ஒருமுறை அவர்கள் அந்த வெற்று நிலத்தில் ஒன்றாக நிற்க வேண்டும். வரைபடம் இன்னும் ஒப்புதலுக்குப் போகவில்லை; அவர்களை அழைக்க இன்னும் நேரம் இருக்கிறது.